வேலையில் மனம் ஒட்டவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

"வேலையில் ஊக்கமே இல்லை" என்று சொல்பவர்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஒருவருக்குச் செய்த வேலையையே செய்து அலுத்துப் போயிருக்கும். இன்னொருவருக்கு வேலை பிடிக்கும், ஆனால் எதையும் அவராக முடிவு செய்ய விடமாட்டார்கள். மூன்றாமவருக்கு வேலையும் சரி, ஆட்களும் சரி, உடம்பில்தான் தெம்பில்லை. சொல்லும் வாக்கியம் ஒன்று, உள்ளே இருக்கும் கோளாறு வேறு வேறு. ஆனால் எல்லாருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றேதான்: இலக்கு வை, சீக்கிரம் எழு, நல்லதையே நினை. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது மாதிரி இது. மாத்திரை கேட்காதபோது, "நான்தான் சோம்பேறி போலிருக்கிறது" என்று தங்களையே குற்றம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மனித ஊக்கத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள். என் செயலை நானே நடத்துகிறேன் என்ற உணர்வு, இது எனக்குக் கைவரும் என்ற நம்பிக்கை, கூட இருப்பவர்களோடு ஓர் ஒட்டுதல். இவற்றில் எது குறைகிறதோ அதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

முதல் சோதனை: கோளாறு வேலையில்தானா?

உங்களுக்குப் பிடித்த பாட்டு, நண்பர்களோடு அரட்டை, குழந்தையோடு விளையாட்டு இவையெல்லாம் இன்னும் இனிக்கின்றனவா? இனிக்கிறது, வேலை மட்டும்தான் கசக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

எதிலுமே ருசி இல்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாகத் தினமும் அப்படித்தான் இருக்கிறது, தூக்கமோ பசியோ மாறியிருக்கிறது, தன்னைப் பற்றியே மட்டமாகத் தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவையும் ஆளை இப்படிச் சோர்வாக்கும். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் மருத்துவர். வேலையை மாற்றுவது இதற்குச் சிகிச்சை ஆகாது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்திருந்தால் இன்றைக்கே, இப்போதே நம்பகமான ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவி தேடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உடம்பும் மனமும் சரி என்றால், இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். தினமும் சாயங்காலம் இரண்டே வரி: இன்று எந்த நேரத்தில் வேலையில் உயிர் இருந்தது, எந்த நேரத்தில் வற்றிப் போனேன். காரணம் எழுத வேண்டாம், நேரமும் செயலும் போதும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தெரேசா அமாபிலே, ஸ்டீவன் கிராமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 7 நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் இப்படி எழுதவைத்து, கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைச் சேர்த்தார்கள். மனம் நிறைவாக இருந்த நாட்களில் மற்ற எதையும்விட அதிகமாகத் தென்பட்டது, பொருளுள்ள ஒரு வேலை கொஞ்சமாவது நகர்ந்தது என்பதுதான். ஊழியரை எது ஊக்குவிக்கும் என்று மேலாளர்களிடம் தனியாகக் கேட்டபோது, அவர்கள் இதைப் பட்டியலின் கடைசியில் வைத்தார்கள். நம்மை எது நகர்த்துகிறது என்பதை ஊகிப்பதில் மனிதர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. அதனால்தான் ஊகத்தைவிடக் குறிப்பை நம்பச் சொல்கிறேன்.

"வேலை கஷ்டமில்லை, ஆனால் ஆரம்பிக்கவே கை வரவில்லை"

முக்கால்வாசி நேரம் இது ஊக்கக் குறைவே இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மங்கலாக இருக்கிறது. "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்பது ஒரு செயல் அல்ல. "போன மாதக் கோப்பைத் திறந்து விற்பனை எண்களை மாற்ற வேண்டும்" என்பது செயல். உங்கள் அடுத்த செயலை இந்த அளவுக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தெளிவாகத் தெரிந்தவரிடம் கேளுங்கள், தள்ளிப்போடுவது நின்றுவிடும்.

தெளிவாகத் தெரிந்தும் கை வரவில்லையா? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த ஓர் எளிய முறை இருக்கிறது. "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இது முடிந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைப்பது. வெறும் "செய்வேன்" என்பதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. இதுவும் பலிக்கவில்லை, குறிப்பிட்ட ஒரு வேலையில் மட்டும் ஒவ்வொரு முறையும் இப்படி ஆகிறது என்றால், உள்ளே பயமோ மனசாட்சியின் உறுத்தலோ இருக்கலாம். அந்த வேலை தவறு என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

"நேரமே நகரமாட்டேன் என்கிறது"

சலிப்பு. திறமை ஏறிவிட்டது, வேலை அதே இடத்தில் நிற்கிறது. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் சொன்னதுபோல, சவாலும் திறமையும் ஏறத்தாழச் சமமாக, இரண்டுமே உயரமாக இருக்கும்போதுதான் மனிதர் நேரம் போவது தெரியாமல் ஒன்றிப் போகிறார். 1989இல் அவரும் ஜூடித் லெஃபெவரும் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்பவர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்தக் கணத்து நிலையை எழுதச் சொன்னார்கள். அந்த ஒன்றிப்பு ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் கிடைத்தது. ஆனாலும் வேலையில் இருக்கும்போது, "வேறெங்காவது இருந்தால் நன்றாயிருக்கும்" என்றுதான் அவர்கள் எழுதினார்கள். வேலை என்ற பெயரே அனுபவத்தை மறைத்துவிடுகிறது. உங்கள் இரண்டு வாரக் குறிப்பில் இப்படி மறைந்து கிடக்கும் நல்ல மணி நேரங்கள் இருக்கலாம், தேடுங்கள்.

சரிசெய்ய, சவாலை நீங்களே ஏற்றுங்கள். திரும்பத் திரும்பச் செய்யும் ஒன்றைத் தானாக நடக்கும்படி அமையுங்கள். புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுங்கள், தெரிந்ததாக நினைத்ததில் எவ்வளவு தெரியவில்லை என்பது அப்போது புரியும். யாரும் கையில் எடுக்காத ஒரு பழைய சிக்கலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டும் கொடுக்கவில்லை என்றால், உங்கள் கோளாறு சலிப்பு அல்ல, அதிகாரமின்மை. அதற்கான பகுதி கீழே இருக்கிறது.

"சம்பளம் கூடியது, சந்தோஷம் சீக்கிரமே கரைந்துவிட்டது"

1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் பேசிய முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில் மிக நன்றாக உணர்ந்த சம்பவம் எது, மிக மோசமாக உணர்ந்தது எது என்று கேட்டார்கள். நல்ல சம்பவங்களில் சாதித்தது, பாராட்டு, வேலையின் தன்மை, பொறுப்பு எல்லாம் வந்தன. மோசமானவற்றில் நிறுவன விதிகள், மேற்பார்வை, சூழல் முதலியவை வந்தன. சம்பளம் பெரும்பாலும் இந்த இரண்டாம் பக்கத்தில் நின்றது. குறைந்தால் வலிக்கும், கூடினால் வலி நிற்கும், ஆனால் வலி நிற்பதும் நிறைவும் ஒன்றல்ல. நல்லது நடந்தால் "நான்", கெட்டது நடந்தால் "அவர்கள்" என்று சொல்வது மனித இயல்பு, அதனால் இந்த ஆய்வு முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனாலும் அறிகுறியைப் பிரித்துப் பார்க்க இந்தப் பாகுபாடு உதவுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுச் செலவுக்கே சம்பளம் போதவில்லை, அல்லது அதே வேலை செய்யும் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காரணமில்லாமல் அதிகம் கொடுக்கிறார்கள் என்றால் உங்கள் கோளாறு சம்பளமேதான். "அர்த்தத்தைத் தேடு" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். சம்பளத்தைப் பற்றியே பேசுங்கள், கணக்கோடு பேசுங்கள்.

"எனக்குப் பிடித்த வேலை, இப்போது செய்யச் சொன்னாலே கசக்கிறது"

ஆசையாகச் செய்ததே தொழிலானவர்களுக்கு இது அடிக்கடி வரும். எழுதுபவர்கள், படம் வரைபவர்கள், நிரல் எழுதுபவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். 1971இல் டெசி கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைப் புதிர்களைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார். ஒரு குழுவுக்கு, தீர்த்த புதிருக்குப் பணம் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, சும்மா விட்டிருந்த நேரத்தில் அந்தக் குழு புதிரைத் தொடுவது குறைந்தது. 1973இல் மார்க் லெப்பரும் சகாக்களும் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளிடம் இதேபோலப் பார்த்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள் பிறகு தாங்களாக வரைவது வெகுவாகக் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்த குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை.

ஆகவே பரிசு விஷம் என்று அர்த்தமில்லை. "இதற்காகத்தான் செய்கிறேன்" என்ற எண்ணம் பரிசின் பக்கம் சாயும்போதுதான் ஆசை வற்றுகிறது. உங்கள் தொழிலுக்குள் ஒரு மூலையை அளவுகோலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டாத ஓவியம், எந்த இலக்குக்கும் சேராத ஒரு சின்ன நிரல், விருப்பு எண்ணிக்கை பார்க்காத ஒரு கட்டுரை. அதைப் பாராட்டுக்காகப் பகிரும் ஆசை வரும். கொஞ்ச நாளாவது பொறுங்கள்.

"எதைச் செய்தாலும் யாராவது குறுக்கே வருகிறார்கள்"

நான் பார்த்தவரை மனிதர்களை அதிகமாக நசுக்குவது இதுதான். மற்றவர்கள் இதைக் கோளாறாகவே மதிப்பதில்லை. "வேலைப் பளு ஒன்றும் அதிகமில்லையே, அப்புறம் என்ன?" என்பார்கள். 1979இல் ராபர்ட் காராசெக் காட்டியது இதைத்தான்: பளு மட்டும் ஆளை வாட்டுவதில்லை, பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருப்பதுதான் வாட்டுகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய வைட்ஹால் ஆய்வுகள் இன்னும் கனமானவை. 1967இல் தொடங்கிய முதல் ஆய்வில், அடிமட்டப் பதவியில் இருந்த ஆண்களிடையே இதயநோய் மரணம் உச்சப் பதவியினரைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவை இந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985இல் தொடங்கி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த இரண்டாம் ஆய்வில், தன் வேலைமேல் தனக்குப் பிடி இல்லாதது ஒரு முக்கியக் காரணியாக வெளிப்பட்டது. இதைத்தான் சொல்ல வருகிறேன்: உங்கள் கையைக் கட்டிவைத்திருப்பதால் வரும் சோர்வு கற்பனை அல்ல, உடம்பு வரை போகும்.

உறுதிசெய்ய ஒரு வழி. குறிப்பில் வற்றிப் போன நேரங்களை எடுத்து, "இது நானே தேர்ந்த முறையில் நடந்திருந்தால் இதே வேலை இப்படிக் கசந்திருக்குமா?" என்று ஒவ்வொன்றிலும் கேளுங்கள். "இல்லை" என்ற பதிலே மிகுதி என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

சரிசெய்யும்போது பலர் செய்யும் தவறு, மேலாளரிடம் போய்ப் பொதுவாக "எனக்குச் சுதந்திரம் வேண்டும்" என்று கேட்பது. கேட்பவருக்கு அது புகாராகத்தான் காதில் விழும். ஒரே ஒரு முடிவைக் கேளுங்கள். "சார், இந்த வாரம் இந்தப் பகுதியை எந்த வரிசையில் செய்வது என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை உங்களிடம் காட்டுகிறேன், சரியாக வரவில்லை என்றால் பழையபடியே செய்துவிடலாம்." இதில் அவருக்கு ஆபத்து இல்லை. பலித்தால் அடுத்த முடிவைக் கேளுங்கள். தினமும் ஐந்து முறை "எங்கே வந்திருக்கிறது?" என்று கேட்பவராக இருந்தால், அவர் கேட்கும் முன்பே காலையில் ஒரு தடவை நிலவரத்தை அனுப்பிவிடுங்கள். பலர் அதிகாரத்துக்காகக் கேட்பதில்லை, பதற்றத்தில் கேட்கிறார்கள், தகவல் வந்தால் பதற்றம் அடங்கும். இவ்வளவும் செய்து, சில மாதம் பொறுத்தும், சின்ன முடிவுகூட உங்கள் கைக்கு வரவில்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

"செய்கிறேன், அனுப்புகிறேன், அப்புறம் என்ன ஆனது என்றே தெரியாது"

2007இல் ஆடம் கிராண்ட் வெளியிட்ட ஆய்வு ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்களைப் பற்றியது. முகம் தெரியாதவர்களை அழைத்து, பேச்சு வாங்கி, மறுபடி அழைக்கும் வேலை. அவர்களில் ஒரு குழுவை, அந்த நன்கொடையால் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடம் நேரில் சந்திக்கவைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழுவினர் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. மற்ற குழுக்களில் அப்படி மாற்றம் இல்லை. யாரும் அவர்களுக்கு உரை நிகழ்த்தவில்லை, கூடுதல் பணமும் தரவில்லை. தங்கள் வேலை போய்ச் சேர்ந்த முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001இல் எழுதிய ஆய்வில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். வேலை விவரத்தில் எல்லாருக்கும் ஒரே வரிகள். ஆனால் சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், வந்தவர்களுக்கு வழி காட்டினார்கள், செவிலியர்களின் வேலை தடைபடாதபடி தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். குணமாக்கும் வேலையில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக அவர்கள் கருதினார்கள். வேலையை வாங்கிய வடிவத்திலேயே வைத்துக்கொள்ளாமல் உள்ளிருந்தே கொஞ்சம் செதுக்கிக்கொண்டார்கள்.

உங்களுக்கான செயல் இது. இந்த மாதம் நீங்கள் முடித்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அது கடைசியாகப் போய்ச் சேரும் ஆள் வரை பின்தொடருங்கள். கணக்கு அறிக்கையா? அதைத் திறந்து பார்ப்பவரிடம் போய், "இதில் எதை முதலில் பார்ப்பீர்கள், எது உங்களுக்குத் தேவையே இல்லை?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அடுத்த அறிக்கையை ஓர் ஆளுக்காகச் செய்வீர்கள். "அதை யாருமே பார்ப்பதில்லையே" என்று பதில் வந்தால் மனம் நோகும், உண்மைதான். ஆனால் உங்களுக்கு வந்த சோர்வு சரியான காரணத்தால் வந்தது என்பது தெரிந்துவிட்டது. அந்த அறிக்கையை நிறுத்திவிடலாம் என்று சொல்லும் தகுதி இப்போது உங்களுக்கு இருக்கிறது. சொல்லுங்கள்.

"விடுமுறை எடுத்தும் களைப்பு போகவில்லை, ஆட்களைப் பார்த்தாலே எரிச்சல்"

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வு இடம்பெற்றிருக்கிறது. நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகி எதிர்மறையாகப் பார்த்தல், செய்வது எதுவும் பலன் தரவில்லை என்ற உணர்வு. காரணமாக அது குறிப்பிடுவது, நெடுநாள் நீடித்துச் சரியாகக் கையாளப்படாத பணி அழுத்தம்.

இதை "ஊக்கம் போதவில்லை" என்று எடுத்துக்கொண்டு இன்னும் முயன்றால் நிலைமை மோசமாகும். இந்த நிலைக்கு வருபவர்கள் பலரும் தொடக்கத்தில் மிகவும் அக்கறையோடு வேலை செய்தவர்கள்தான். பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு இடங்களைச் சோதிக்கச் சொல்கிறார்கள்: பளு, வேலைமேல் நமக்குள்ள பிடி, வெகுமதி, சக மனிதர்கள், நியாயம், நாம் மதிக்கும் கொள்கைகள். ஒவ்வொன்றுக்கும் "எனக்கு ஒத்துப்போகிறது, போகவில்லை" என்று குறியுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் அறுக்கும். பளு என்றால் எந்த வேலையை விடுவது என்று மேலாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும், தனியாக நேர மேலாண்மை கற்றுக்கொள்வது தீர்வல்ல. நியாயமோ கொள்கையோ என்றால், தியானமும் நடைப்பயிற்சியும் தாங்க உதவும், காரணத்தைத் தொடாது.

இதற்கிடையில் சாயங்காலத்தைக் காப்பாற்றுங்கள். சபீன் சோனன்டாக் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டுவது, வேலை முடிந்தபின் மனதாலும் வேலையை விட்டு விலகுபவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது. உடம்பு வீட்டில், மனம் அலுவலகக் குழுவின் செய்திகளில் என்றால் அது ஓய்வு ஆகாது.

"குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் இது என் வேலை இல்லையோ என்று தோன்றுகிறது"

1997இல் ரெஸ்னெவ்ஸ்கியும் சகாக்களும், மனிதர்கள் தங்கள் வேலையைப் பிழைப்பாக, முன்னேறும் பாதையாக, உள்ளத்தின் அழைப்பாக என்று மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள். ஒரே பதவியில் இருந்த அலுவலக உதவியாளர்களிடையேகூட இந்த மூன்று பார்வையும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தது. பதவியின் பெயர் இதைத் தீர்மானிப்பதில்லை.

எல்லாருக்கும் வேலை அழைப்பாக இருந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நல்ல மனிதர்களை வீணாக உறுத்துகிறது. நேர்மையாக உழைத்து, மாலையில் இசையிலோ குடும்பத்திலோ ஊர்ப் பணியிலோ நிறைவு காண்பவருக்குக் கோளாறு எதுவும் இல்லை. உங்களுடையது அப்படியா, அல்லது உண்மையிலேயே வேறொன்று இழுக்கிறதா? வேறொன்று இழுக்கிறது என்றால், அதன் சலிப்பான பகுதியை ஒரு மாதம் செய்து பாருங்கள். எழுத ஆசை என்றால் திருத்தம் செய்யுங்கள், கற்பிக்க ஆசை என்றால் விடைத்தாள் திருத்துங்கள். அதற்குப் பிறகும் ஆசை நிற்கிறதா என்று கவனியுங்கள்.

"விட்டுவிடலாமா?"

வெண்டி பாஸ்வெல்லும் சகாக்களும் 2005இல் மேலாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், வேலை மாறியவுடன் திருப்தி ஏறியது, பிறகு இறங்கியது. புது இடத்தின் முதல் மாதங்களை வைத்து முடிவு கட்ட முடியாது. அதனால், மேலே கண்டுபிடித்த காரணத்தை எடுத்துக்கொண்டு, "இது இந்த இடத்தோடு நின்றுவிடுமா, என்னோடு வருமா?" என்று கேளுங்கள். தெளிவில்லாமல் தள்ளிப்போடுவதும், சாயங்காலம் மனதை மூடத் தெரியாததும் கூடவே வரும். கையைக் கட்டும் மேலாளரும், நியாயமில்லாத நடைமுறையும் அங்கேயே நிற்கும்.

அவமதிப்பு, மிரட்டல், பொய்யில் கையெழுத்துப் போடச் சொல்வது, உடம்பு கெடுவது இவை இருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். கிளம்பும் வழியை உடனே தேடுங்கள், கையில் சில மாதச் செலவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்ப முடிந்தால் இன்னும் நல்லது.

மற்றபடி மாறுவது என்று முடிவானால், நேர்காணலில் உங்கள் அறிகுறியையே கேள்வியாக்குங்கள். கையைக் கட்டியதுதான் கோளாறு என்றால், "இந்தப் பதவியில் இருப்பவர் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவுகள் எவை?" என்று கேளுங்கள். பலன் தெரியாததுதான் கோளாறு என்றால், "என் வேலையைப் பயன்படுத்துபவரை நான் எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பேன்?" என்று கேளுங்கள். அதே கேள்வியை, முடிந்தால், அந்தக் குழுவில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை செய்பவரின் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.